ட்ராப்பில் கடைசிப் பத்துத் தட்டு மட்டும் ஏன் தவறுகிறது?

காட்பாடிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ட்ராப் (பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் போட்டி) சுடுகிறேன், வலக்கைப் பழக்கம். ரேஞ்ச் சென்னைப் பக்கம் என்பதால் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் கிடைக்கிறது, அதுவும் காட்பாடியில் நாலு மணிக்கே வண்டியை எடுத்தால்தான் வெயில் ஏறுவதற்குள் இரண்டு ரவுண்டு முடிக்கலாம். பிரச்சினை இதுதான்: ஒரு ரவுண்டில் 25-க்கு 21, அடுத்ததில் 14. பதினைந்து தட்டு வரை ஒன்றிரண்டுதான் தப்பும். அப்புறம் என்ன ஆகிறதோ தெரியவில்லை, தட்டு முழுசாகப் பறந்து போய் மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தோட்டா விலைக்கு நிறையச் சுட்டுப் பழக வழியில்லை. சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) மாற்றலாமா, இல்லை துப்பாக்கியே எனக்குப் பொருந்தவில்லையா?

பாலாற்றங்கரை:
தம்பி, சோக்கைத் தொடாதே. துப்பாக்கி பொருந்தவில்லை என்றால் முதல் பதினைந்து எப்படி உடைந்தது? நீ தலையைத் தூக்குகிறாய். ரைஃபிளில் குறிபார்க்கக் கண்ணருகே பின்குறி இருக்கிறது, ஷாட்கன்னில் உன் கண்தான் பின்குறி. கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு ஒரு நூல் எழுந்தாலும், தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவை தட்டுக்கு மேலே போய்விடும். களைத்ததும், உடைந்ததா என்று பார்க்கிற அவசரத்தில் விசையை இழுக்கும்போதே முகம் கிளம்பிவிடுகிறது. சில்லு கீழே விழும்வரை கன்னத்தைக் கட்டையிலேயே வை, தப்பினாலும் வை. பயிற்சியில் ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடு. இரண்டாவது குழல் இருக்கிறது என்ற தைரியம்தான் முதல் சூட்டைக் கெடுக்கிறது, ஃபைனலில் எப்படியும் ஒரே தோட்டாதானே. நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார் அல்லவா, அந்த மாதிரிப் பெரிய போட்டி வீடியோ கிடைத்தால் தட்டைப் பார்க்காதே, சுடுகிறவரின் கன்னத்தை மட்டும் பார்.

ஆற்காட்டு அக்கா:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒலிம்பிக் ட்ராப்பில் ஒவ்வொரு ரவுண்டிலும் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நேராக 5 என்று எல்லோருக்கும் ஒரே கணக்கில்தான் தட்டு வரும். மொத்த ஸ்கோரை எழுதிப் பயனில்லை, எந்த ஸ்டேஷனில் (நின்று சுடும் இடத்தில்) எந்தப் பக்கம் போன தட்டு தப்பியது என்று எழுதுங்கள். எனக்கு மூன்று மாத நோட்டைப் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது, தப்பியதில் பாதிக்கு மேல் வலப்பக்கம். வலக்கைக்காரர்களுக்குத் துப்பாக்கி வலது பக்கம் போகும்போது முகத்தை விட்டு விலகும், கையால் இழுத்தால் இன்னும் விலகும். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். கால் வைப்பைச் சற்று வலதுபக்கம் திருப்பினேன், அதுவே பெரிய வித்தியாசம்.

கோட்டை மதில்:
இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், எந்தக் கண் மேலோங்கிய கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண் என்று. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, கையை நீட்டி, வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோபுரக் கலசத்தை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள், எந்தக் கண்ணை மூடினால் கலசம் மறைகிறதோ அதுதான் உங்கள் மேலோங்கிய கண். அது இடக்கண் என்றால் கண்ணாடியின் இடது வில்லையில் மங்கலான டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

தோட்டாச் செலவில்லாத பயிற்சி ஒன்று: தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, குழல் இரண்டும் காலி என்று இரண்டு தடவை பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுவரும் மேற்கூரையும் சேர்கிற கோட்டில் குழல் முனையை மெதுவாக ஓட்டுங்கள். தினம் பத்து நிமிடம். முனை கோட்டை விட்டுத் துள்ளினால் கை இழுக்கிறது என்று அர்த்தம். மொட்டைமாடியில் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கத்தார் பயந்துவிடுவார்கள்.

காட்பாடிவாசி:
எல்லோருக்கும் நன்றி. கலசம் பார்த்தேன், வலக்கண்தான். பழைய ஸ்கோர் சீட்டில் பக்கம் குறிக்கவில்லை, ஆனால் நினைத்துப் பார்த்தால் வலப்பக்கம்தான் அதிகம், அக்கா சொன்னது அப்படியே பொருந்துகிறது. சுவர்க்கோடு நேற்று ஓட்டினேன், மூலைக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் துள்ளுகிறது. ஒரு சந்தேகம்: கட்டையில் வியர்வை வழுக்குகிறதே, அதுவும் காரணமா?

பாலாற்றங்கரை:
காரணம்தான். மே மாதம் அரக்குக் கட்டையில் கன்னம் நிற்காது. ஸ்டேஷன் மாறும்போது நடுவில் மற்றவர்கள் சுடும் நேரம் கிடைக்கிறதே, அதில் பருத்தித் துண்டால் கட்டை, கன்னம், கண்ணாடி மூன்றையும் துடை, ஒவ்வொரு தட்டுக்கும் அதே வரிசையில். அப்புறம், நாலு மணிக்குக் கிளம்புகிறவன் வெறும் வயிற்றில் போகிறாயா? வாலாஜாவைத் தாண்டி எங்காவது நிறுத்தி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ.