சுங்கை சிப்புட், மலேசியா: இரவல் நூலகத்துக்குத் தோட்டத்தில் கிளை வைக்கலாமா?

கேள்வி (தோட்டத்து வாசகி):
வணக்கம். டவுன் கோயில் மண்டபத்துப் பின்னறையில் சின்ன இரவல் நூலகம் நடத்துகிறோம். செம்பனைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் பாட்டிமாருக்கு அங்கிருந்து வர வழியில்லை, பஸ் கிடையாது. இரண்டு லயங்களில் கிளை வைக்க ஆசை. புத்தகங்களை நிரந்தரமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
பிரிக்காதீங்கம்மா. கிளையில இருக்கிற புத்தகத்தையெல்லாம் படிச்சு முடிச்சிட்டா அந்த அலமாரியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. பெட்டி பெட்டியா மாத்தி மாத்தி அனுப்புங்க. பதிவேடு ஒன்றுதான், அது டவுன்லயே இருக்கட்டும். எந்தப் புத்தகம் எந்தக் கிளையிலன்னு அட்டையில பென்சில்ல குறிச்சா போதும். 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது. இங்க தூங்குற புத்தகத்துக்கு அங்க ஒரு வாசகர் இருப்பார்.

பதில் (தாப்பா கிளைப் பொறுப்பாளர்):
ஐயா சொல்றது சரி. ஆனா முதல்ல சாவி யார்கிட்டன்னு முடிவு பண்ணுங்கக்கா. திறக்கிற நேரம் மாறிக்கிட்டே இருந்தா ஆள் வராது. எங்களுக்கு ஞாயிறு காலை பசியாறின பிறகுதான் தோதா இருக்கு. பெட்டியைத் தரையில வைக்காதீங்க, கரையான் விடாது.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி தம்பி. சாவிக்கு லயத்து மளிகைக்கடை அக்காவைக் கேட்கிறேன். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் எங்கே கிடைக்கும்?