ஒட்டகத்துக்குக் கல்லீரல் டாப்ளர்: காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங்!

மணல்மேடு:
அமீரகத்தில் அல் அய்ன் பக்கம் ஒட்டகப் பண்ணையில் வேலை. நோய் எதுவும் இல்லாத ஆறு பெண் ஒட்டகங்களின் கல்லீரல் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் (ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்துக் குறித்து வைத்தால், பின்னால் ஏதாவது ஒன்று நோயில் படுத்துவிட்டால் ஒப்பிட உதவுமே என்று ஆரம்பித்தேன். மாட்டுக்கு ஸ்கேன் பார்த்த பழக்கத்தில் முதல் நாள் பித்தப்பையைத் தேடியே அரை மணி நேரம் போச்சு. அதைவிடத் தலைவலி, ஒரே ஒட்டகத்துக்குப் போர்ட்டல் வெயினில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) காலையில் ஒரு வேகம், மாலையில் ஒரு வேகம் வருகிறது. கோளாறு மெஷினிலா, என் கையிலா?

ஸ்கேன்ரூம்:
ஒட்டகத்துக்குப் பித்தப்பையே கிடையாது சார், தேடினால் எப்படிக் கிடைக்கும்! கல்லீரல் ஓரமும் கிழிந்த துணி மாதிரி பிளவு பிளவாகத் தெரியும், அதுவும் இயல்புதான். வலது பக்கம் முடியை ஒட்ட மழித்து, ஸ்பிரிட் தடவி, தாராளமாக ஜெல் வைத்து, 11ஆவது விலா இடுக்கில் தொடங்கி முன்னோக்கி 5ஆவது வரை வாருங்கள். 3.5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் ப்ரோப் (உடம்பில் வைக்கும் வளைந்த முகமுள்ள ஸ்கேன் கருவி) போதும். சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது போர்ட்டல் வெயின், சுவரே தெரியாதது ஹெப்பாட்டிக் வெயின் (கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்). சந்தேகம் வந்தால் அலையைப் பாருங்கள். போர்ட்டலில் மூச்சுக்கேற்ப லேசாக ஏறி இறங்கினாலும் ஓட்டம் ஒரே பக்கமாகத்தான் போகும், ஹெப்பாட்டிக்கில் இதயத் துடிப்போடு சேர்ந்து அலை மேலும் கீழும் ஆடும்.

பழையகை:
ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவே கோணம் எவ்வளவு வைக்கிறீர்கள்? 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. 60இல் நிற்கும்போது 5 டிகிரி பிசகினாலே வேகம் சுமார் 15 சதவீதம் மாறிக் காட்டும். நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றால் ரத்தக்குழாயின் விட்டத்தை இன்னும் கவனமாக அளக்க வேண்டும், அது அங்கே வர்க்கமாகப் போகிறது. சரி, ஒட்டகம் தீவனம் தின்றதா, மயக்க மருந்து ஏதாவது போட்டீர்களா?

மணல்மேடு:
காலையில் தீவனத்துக்கு முன்னால், மாலையில் தின்றுவிட்டு அசைபோடும்போது. ஒன்று மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கடிக்க வரும், அதற்குச் சைலசின் போட்டுத்தான் பார்க்கிறேன்.

பழையகை:
அட, விஷயம் அதுதான்! தின்றதும் குடலுக்கு ரத்தம் கூடும், அது அப்படியே போர்ட்டலில் தெரியும். சைலசின் இதயத்தையே மெதுவாக்கிவிடும், அந்த ஒட்டகத்தின் ரீடிங்கை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

மணல்மேடு:
சரி சார், நாளையிலிருந்து எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் காலையிலேயே உட்கார வைத்துப் பார்க்கிறேன். அந்தக் கடிக்க வரும் ஒட்டகத்துக்கு முழங்காலைக் கட்டிப் பார்க்கலாமா?

ஸ்கேன்ரூம்:
கட்டலாம். தலைக்கயிற்றைப் பிடிக்க அதோடு பழகிய ஆள் ஒருவரை நிறுத்துங்கள், நீங்கள் ப்ரோப்பை மட்டும் பிடியுங்கள்.