வராத நீலச் சீட்டு

குழு: பாளையங்கோட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

கயல் (காலை 7:10): எல்லோருக்கும் வணக்கம். புதன்கிழமை கல்லூரியில் எனக்குப் பத்து நிமிடப் பேச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நீதிபதி நியமனங்களைக் கட்சிக்காரர்கள் முடக்குவது பற்றி. மெரிக் கார்லண்ட் விஷயத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சண்முகம் சித்தப்பா, தூங்கிவிட்டீர்களா? 2016-இல் அமெரிக்காவில் உங்கள் பக்கம் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?

விஜயா அத்தை (7:14): யார் கயல் அந்தக் கார்லண்ட்? எனக்கும் புரிகிற மாதிரிச் சொல்லேன்.

கயல் (7:19): சொல்கிறேன் அத்தை. 2016 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்துபோனார். ஒன்பது பேர் கொண்ட நீதிமன்றம் அது. செய்தி வந்த அன்றைக்கே செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அறிக்கை விட்டார். புது அதிபர் வரும்வரை இந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று. இவர் குடியரசுக் கட்சி, அதிபர் ஒபாமா ஜனநாயகக் கட்சி. ஒபாமாவுக்கு இன்னும் பதினோரு மாதப் பதவிக்காலம் பாக்கி இருந்தது.

கயல் (7:22): மார்ச் 16 அன்று ஒபாமா கார்லண்டை முன்மொழிந்தார். வாஷிங்டனில் இருக்கும் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கை அரசுத் தரப்பில் மேற்பார்வை செய்தவர். செனட் குழு அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் விசாரணை அமர்வு நடக்கவில்லை. குழுவிலும் ஓட்டெடுப்பு இல்லை, சபையிலும் இல்லை. 293 நாள் அப்படியே கிடந்து, 2017 ஜனவரி 3 அன்று அந்த முன்மொழிவு காலாவதி ஆனது.

விஜயா அத்தை (7:24): அப்படியென்றால் அவர் வேண்டாம் என்று ஒருத்தரும் ஓட்டுப் போடவில்லையா?

கயல் (7:24): ஒருத்தரும் இல்லை அத்தை. போட்டிருந்தால் யார் வேண்டாம் என்றார்கள் என்று பெயராவது இருந்திருக்கும்.

சண்முகம் சித்தப்பா (7:31): முழித்துத்தான் இருக்கிறேன் கயல், இங்கே சனிக்கிழமை ராத்திரி. எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு காட்சியைச் சொல்கிறேன். நீதித் துறைக் குழுவின் தலைவர் சக் கிராஸ்லி. அவர்தான் விசாரணை அமர்வு வைக்க வேண்டியவர். அந்த ஏப்ரலில் கார்லண்டை செனட் உணவறைக்கு அழைத்து, எதிரே உட்கார வைத்துக் காலைச் சாப்பாடு சாப்பிட்டார். உங்களுக்கு அமர்வு கிடையாது என்று சொல்லத்தான் அந்தச் சந்திப்பு. குழுவில் இருந்த குடியரசுக் கட்சியினர் 11 பேரும் பிப்ரவரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், யார் வந்தாலும் அமர்வு இல்லை என்று. ஆள் யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே!

மாரி அண்ணன் (7:38): நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். செனட்டின் ஆலோசனையோடும் சம்மதத்தோடும் நியமிக்க வேண்டும் என்றுதானே அவர்கள் அரசியல் சட்டத்தில் இருக்கிறது? சம்மதம் தருவதும் தராததும் செனட்டின் உரிமை. இதை ஆரம்பித்ததும் ஜனநாயகக் கட்சிதான். 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க்கைத் தோற்கடித்தது யார்? 1992-இல் ஜோ பைடனே, தேர்தல் முடியும்வரை முன்மொழிய வேண்டாம் என்று செனட்டில் பேசவில்லையா? மெக்கானல் ஆட்கள் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

கயல் (7:45): பைடன் பேசியது உண்மை அண்ணா, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அப்போது காலியிடமே இல்லை. போர்க் விஷயம் வேறு. அவரைக் கூப்பிட்டு நாள்கணக்கில் கேள்வி கேட்டார்கள், அவரும் பதில் சொன்னார். கடைசியில் ஓட்டு: ஆதரவு 42, எதிர்ப்பு 58. அவருடைய கருத்துகளுக்காகத் தோற்றார், எல்லோருக்கும் முன்னால் தோற்றார். சம்மதம் தர மறுப்பது என்றால் அதுதான். கார்லண்ட் தோற்கக்கூட இல்லை.

மாரி அண்ணன் (7:48): சரி, மிகுவேல் எஸ்ட்ராடா?

சண்முகம் சித்தப்பா (7:55): அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை மாரி. நீ சொல்வது நியாயம். ஹோண்டுராஸிலிருந்து பதினேழு வயதில் இங்கே வந்த மனிதர். 2001-இல் இளைய புஷ் அவரை இதே டி.சி. நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சியினர் ஃபிலிபஸ்டர் செய்தார்கள். (விஜயாக்கா, விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும், அதைச் சேர விடாமல் தடுப்பது.) ஏழு தடவை முயன்றும் 60 கிடைக்கவில்லை. 2003 செப்டம்பரில் அவரே விலகிக்கொண்டார். சபையில் பெரும்பான்மை அவருக்கு இருந்தது. ஓட்டுக்கு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். நான் அப்போது இங்கே வந்து கொஞ்ச காலம்தான். தப்பு என்று அன்றைக்கே தோன்றியது, இன்றைக்கும் தப்புதான்.

பெரியப்பா (8:02): இப்போதுதான் பார்த்தேன். கயல், நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று இதில் இருக்கிறதே, அதை ஏன் விட்டாய்? ஸ்ரீ ஸ்ரீநிவாசன். அப்பா வழியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து மேலத் திருவேங்கடநாதபுரத்துக் குடும்பம். பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கான்சாஸில், அப்பா அங்கே கணிதப் பேராசிரியர். 2013 மே மாதம் செனட் அவரை டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்று ஏற்றுக்கொண்டது. எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட இல்லை. 2016-இல் ஸ்காலியா இடத்துக்கு அவர் பெயரும் கடைசிச் சுற்றுவரை அடிபட்டதைப் பேப்பரில் படித்துவிட்டு நான் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

கயல் (8:06): அவரைப் பற்றி இருக்கிறது பெரியப்பா. அந்த 97-0 நடந்து சில மாதத்திலேயே என்ன ஆயிற்று தெரியுமா? அதே நீதிமன்றத்தில் இன்னும் மூன்று இடம் காலி. ஒபாமா மூன்று பேரை முன்மொழிந்தார், பட்ரிசியா மில்லெட், நினா பில்லார்ட், ராபர்ட் வில்கின்ஸ். மூன்று பேரையும் குடியரசுக் கட்சி ஃபிலிபஸ்டரில் நிறுத்தியது. ஆள்மேல் குறை இல்லை, அந்த நீதிமன்றத்துக்கு அவ்வளவு நீதிபதிகள் தேவையில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பொறுக்க முடியாமல் 2013 நவம்பர் 21 அன்று, அப்போது செனட் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் விதியையே மாற்றினார். உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நியமனங்களுக்கு வெறும் பெரும்பான்மை போதும் என்று. 52-48.

மாரி அண்ணன் (8:08): அதையே 2017 ஏப்ரலில் மெக்கானல் உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார். ஸ்காலியாவின் இடத்துக்கு நீல் கோர்சச் 54-45 என்று உள்ளே போனார். ரீட் திறந்த வழிதானே?

கயல் (8:09): ஆமாம் அண்ணா. அதையும் சொல்வேன்.

விஜயா அத்தை (8:12): எட்டுப் பேர் இருந்தார்களே, அவர்களை வைத்து நடத்த முடியாதா?

கயல் (8:18): நடத்தினார்கள் அத்தை. ஆனால் 4-4 என்று பிரிந்தால் கீழ் நீதிமன்றம் சொன்னதுதான் நிற்கும், உச்ச நீதிமன்றம் எதையும் முடிவு செய்ததாகாது. 2016 ஜூனில் அப்படித்தான் ஆனது. ஆவணம் இல்லாமல் அங்கே வாழும் சுமார் 40 லட்சம் பெற்றோருக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் தரும் ஒபாமாவின் திட்டம். டெக்சாஸ் உள்ளிட்ட 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன, கீழ் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தீர்ப்பு ஒரே வரி: நீதிமன்றம் சமமாகப் பிரிந்திருப்பதால் கீழ் நீதிமன்ற உத்தரவு உறுதி செய்யப்படுகிறது. காரணம் கிடையாது. அத்தனை குடும்பங்களுக்கும் அந்த ஒரு வரிதான்.

சண்முகம் சித்தப்பா (8:27): உச்ச நீதிமன்றம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீ என் ஊர்க் கதையைச் சொல் கயல். நான் இருக்கும் கேரி, ராலே எல்லாம் வட கரோலினா கிழக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்ற எல்லைக்குள் வரும். அங்கே 2005 முடிவில் ஒரு நீதிபதி இடம் காலியானது. நிரம்பியது எப்போது தெரியுமா? 2019 டிசம்பர். என் மகள் மழலைப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை ஒரு நாற்காலி காலி. அப்போது நாட்டிலேயே மிக நீண்ட காலியிடம் அதுதான்.

பெரியப்பா (8:28): பதினான்கு வருஷமா!

சண்முகம் சித்தப்பா (8:36): ஆமாம் அண்ணே. முதலில் புஷ், தாமஸ் ஃபார் என்ற வழக்கறிஞரை முன்மொழிந்தார். செனட் ஜனநாயகக் கட்சி கையில், அமர்வே வைக்கவில்லை. அப்புறம் ஒபாமா காலம். 2013-இல் ஜெனிஃபர் மே-பார்க்கர் என்ற அரசு வழக்கறிஞரை முன்மொழிந்தார். கறுப்பினப் பெண். இந்த மாவட்டத்தில் கறுப்பின மக்கள் கால்வாசிக்கு மேல், ஆனால் அதுவரை ஒரு கறுப்பின நீதிபதிகூட இங்கே உட்கார்ந்ததில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, புளூ ஸ்லிப் என்பார்கள். நீலக் காகிதத்தில் ஒரு படிவம். எந்த மாநிலத்துக்கு மாவட்ட நீதிபதி வருகிறாரோ அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் நீதித் துறைக் குழு அதை அனுப்பும். அவர்கள் குறித்துத் திருப்பி அனுப்பினால்தான் அமர்வு. அரசியல் சட்டத்தில் இது கிடையாது, நூறு வருஷத்துப் பழக்கம். எங்கள் செனட்டர்களில் ஜனநாயகக் கட்சியின் கே ஹேகன் திருப்பி அனுப்பினார். குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் பர் அனுப்பவில்லை. அதே பர் 2009-இல் ஒபாமாவுக்குப் பரிந்துரைத்த பெயர்களில் மே-பார்க்கரும் ஒருவர்!

விஜயா அத்தை (8:38): தானே சொன்ன பெயரா? ஏன் அனுப்பவில்லையாம்?

சண்முகம் சித்தப்பா (8:44): சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை அக்கா. கொடுமையே அதுதான். மறுத்து எழுதினால் ஏன் என்று கேட்கலாம். சீட்டைத் திருப்பாமல் மேஜையில் வைத்திருப்பவரை எந்தக் கேள்வி கேட்பது? 2016-இல் பட்ரிசியா டிம்மன்ஸ்-குட்சன் வந்தார், இந்த மாநில உச்ச நீதிமன்றத்திலேயே இருந்தவர். அவருக்கும் பர் சீட்டுக் கொடுக்க மாட்டேன் என்றார். பிறகு டிரம்ப் வந்து பழைய தாமஸ் ஃபாரையே திரும்ப முன்மொழிந்தார். 2018-இல் குடியரசுக் கட்சி செனட்டர் டிம் ஸ்காட்டே முடியாது என்று சொன்னதால் அது நின்றது. கடைசியில் ரிச்சர்ட் மையர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 68-21 என்று தேர்வானார். இரண்டு கட்சியும் ஓட்டுப் போட்டது. ஓட்டு என்று ஒன்று நடந்ததும் வேலை எவ்வளவு சீக்கிரம் முடிந்தது பாருங்கள்.

மாரி அண்ணன் (8:47): இந்தக் கதை எனக்குத் தெரியாது சித்தப்பா. ஒரே நாற்காலியை இரண்டு கட்சியும் மாற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறது.

சண்முகம் சித்தப்பா (8:49): 2020-ஐயும் குறித்துக்கொள் கயல். செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். அக்டோபர் 26 அன்று, அவர் இடத்துக்கு டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பாரெட்டுக்கு செனட் ஒப்புதல் கொடுத்தது, 52-48. தேர்தலுக்கு எட்டு நாள்தான் இருந்தது. இங்கே அக்டோபர் 15-லிருந்தே முன்கூட்டி வாக்களிக்கலாம், நானும் உன் சித்தியும் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்திருந்தோம். 2016-இல் மக்கள் முடிவு செய்யட்டும் என்றவர்கள், மக்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியப்பா (9:05): கயல், நான் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். காலி நாற்காலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று வேண்டாம், ஒரு கோர்ட்டில் நீதிபதி மாற்றலாகிப் போய் ஒரு வருஷத்துக்கு ஆள் வரவில்லை. பக்கத்துக் கோர்ட் நீதிபதி பொறுப்பு. அவருக்கு அவர் கட்டுகளே மலை மாதிரி. எங்கள் கேஸ்களுக்கு வாய்தா போட மட்டும்தான் நேரம் இருக்கும்.

ஜீவனாம்சக் கேஸில் ஒரு அம்மா. வாய்தாவுக்கு வாய்தா முதல் பஸ்ஸில் வந்துவிடுவார், கையில் ஒரு தூக்குச் சட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. நான் அவருடைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடுத்த தேதியைப் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அந்த ஒரு வருஷத்தில் எட்டு டிக்கெட் எழுதியிருப்பேன். ஒரு நாள் கேட்டார், "ஐயா, தோற்றாலும் பரவாயில்லை, ஒண்ணு சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு தேதியைத்தான் எழுதினேன்.

கயல் (9:09): பெரியப்பா, இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

பெரியப்பா (9:11): யாரும் கேட்கவில்லை அம்மா.

மாரி அண்ணன் (9:16): கயல், கார்லண்டை நடுவில் வை. வட கரோலினாவில் ஆரம்பி. யார் ஆரம்பித்தது என்று உன்னை மடக்குவார்கள், அதற்கு எஸ்ட்ராடாவை நீயே முதலில் சொல்லிவிடு.

கயல் (9:20): அப்படியே செய்கிறேன் அண்ணா. சித்தப்பா, அந்த 2009 பரிந்துரை பற்றி வந்த செய்தி இருந்தால் அனுப்புங்கள். பெரியப்பா, அந்த அம்மாவின் கதையைச் சொல்லலாமா?

சண்முகம் சித்தப்பா (9:21): காலையில் எடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா (9:24): சொல். பெயர், ஊர் வேண்டாம். பென்சிலால் எழுதினேன் என்பதைச் சொல், தேதி மாறிக்கொண்டே இருந்ததால் பேனாவில் எழுத எனக்கு மனசு வராது.