நாலரை மணி நேரம் யார் கொடுத்தது?

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
நேத்து முதுநகரான் இங்க எழுதிட்டுப் போனது: "நரம்பியல் பேராசிரியர்களுக்குன்னு ஒரு சங்கம் இல்லேன்னா பக்கவாத நோயாளிக்கு நாலரை மணி நேரமே கிடைச்சிருக்காது." அதாவது பக்கவாதம் வந்த பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை எத்தனை நேரத்துக்குள்ள போடலாம்ங்கிற கெடு. அடேங்கப்பா! 1995ல அமெரிக்காவோட என்ஐஎன்டிஎஸ் ஆய்வு வந்துச்சு, மூணு மணி நேரம். 2008ல ஐரோப்பாவோட எகாஸ் 3 ஆய்வு வந்துச்சு, அது நாலரை ஆச்சு. ரெண்டுமே ஆய்வு. இதுல சங்கம் எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சு?

முதுநகரான்:
ஆய்வுத்தாள் தானா பஸ் ஏறி வந்து கடலூர் கேஷுவால்டியில ஊசி போடாதுங்க. 2008ல தாள் வந்துச்சு. 2009ல அமெரிக்க இதய சங்கம் வழிகாட்டுதல் விட்ட பிறகுதான் நாலரைக்கு மரியாதை. அந்த மாதிரி குழுவுல உக்காந்து எழுதுறது பேராசிரியருங்கதானே?

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
'இதய' சங்கம்! நரம்புக்கு வக்காலத்து வாங்க வந்தவர் கார்டியாலஜி வாசல்ல செருப்பைக் கழட்டுறார். பேராசிரியருங்க சங்கம்னா 1875ல தொடங்கின அமெரிக்கன் நியூராலஜிக்கல் அசோசியேஷனைச் சொல்லுங்க. பொறுக்கி எடுத்த ஆளுங்களுக்கு மட்டும்தான் அங்க இடம். வெளிய நின்ன இளசுங்களுக்காக 1948ல ஏ.பி. பேக்கர்னு ஒரு நரம்பியல் டாக்டர் தனி அகாடமியே தொடங்க வேண்டியதாப் போச்சு. கதவைச் சாத்தி வச்ச சங்கம் நாலரையைக் கொடுத்துச்சாம்!

கெடிலக்கரை:
யார் கொடுத்தா என்ன, எதுல இருந்து எண்ணுறதுன்னே பாதிப் பேருக்குத் தெரியல. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரம் கணக்கில்ல. கடைசியா நல்லா இருந்ததைப் பார்த்த நேரம்தான் கணக்கு. காலையில ஆறு மணிக்கு எழுந்தப்பவே கை தூக்க வரலன்னா, ராத்திரி படுக்கப் போன பத்து மணியில இருந்து எண்ணணும். சங்கத்துப் பயிலரங்குல இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க.

வில்லியனூர்_வாசி:
முதல்ல எல்லாரும் "நாலரை மணி நேரம்"னு முழுசா எழுதுங்க. "நாலரை மணிக்குள்ள வாங்க"ன்னு சொன்னா சனம் சாயங்காலம் நாலரைன்னு நினைச்சுக்கும். இன்னொண்ணு, கடலூர்ல ஊசி போடாம எல்லாரையும் எல்லை தாண்டி ஜிப்மருக்குத் தள்ளி விடுறது எந்தச் சங்கத்தோட வழிகாட்டுதல்? மரப்பாலம் சிக்னல்லயே பாதி நேரம் போயிடும்.

முதுநகரான்:
ஜிப்மர் புதுச்சேரிக்காரங்க வீட்டுத் திண்ணையா? 2008 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஐயா அது. நாங்களும்தான் வரி கட்டுறோம்.

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
பேச்சை மாத்தாதீங்க. நாலரை ஆய்வு கொடுத்ததா, சங்கம் கொடுத்ததா?

கெடிலக்கரை:
சுத்தி சார், நாலரைக்குள்ள கொண்டு வந்துட்டா மட்டும் போதுமா? அறுபது கிலோ ஆளுக்கு, கட்டி கரைக்கிற மருந்தான ஆல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி. வீதம் 54 மி.கி. பத்துல ஒரு பங்கு 5.4 ஒரு நிமிஷத்துல நேரா ஊசி, மிச்சம் 48.6 ஒரு மணி நேரம் பம்ப்ல. எவ்வளவு கனமான ஆளா இருந்தாலும் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. குப்பியைக் குலுக்கினா நுரைச்சுப் போகும், மெதுவா சுழட்டணும். குளுக்கோஸ்ல கலக்கக் கூடாது. தப்பு நடக்கிறது எடையில. கண்ணால பார்த்து "எழுபது இருக்கும்"னு போட்டா 63 மி.கி. ஏறிடும், ஒன்பது கூடுதல். மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சா யார் பதில் சொல்றது?

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
அருமை. பாதிக்கு மேல மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச சீட்டுலயே இருக்கு. சீட்டு அடிச்சதும் உங்க சங்கம்தானா?

முதுநகரான்:
சீட்டைப் பார்த்து வைத்தியம் பண்றவங்களாலதான் வம்பே. சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் கை கால் விழும். விரல் குத்திப் பார்க்காம சிடிக்கு ஓடுவாங்க. பிரஷர் 185/110க்குக் கீழ வராம ஊசியைத் தொடக் கூடாது. ஊசிக்கப்புறம் ஒரு நாள் முழுக்க 180/105க்குள்ள வைக்கணும், அந்த 24 மணி நேரம் ஆஸ்பிரின் கிடையாது. இதைப் பாடமாக்கி, நரம்பியல் மேற்படிப்பு படிக்கிற டிஎம் பசங்க மண்டையில ஏத்துறது யாரு? சங்கம்!

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
டிஎம் பாடத்திட்டம் தேசிய மருத்துவ ஆணையத்தோடது. ஜிப்மர் சீட்டுக்கு, தேசிய முக்கியத்துவ நிறுவனங்களுக்கான ஐஎன்ஐ நுழைவுத் தேர்வு. பட்டம் கொடுக்கிறது பல்கலைக்கழகமோ நிறுவனமோ. சங்கம் செய்யறது என்னன்னு நானே சொல்றேன்: பத்திரிகை நடத்தும், வந்த கட்டுரையை மத்தவங்க கையில கொடுத்துச் சரிபார்க்கும், இளம் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டியைக் கைகாட்டும், வருஷத்துக்கு ஒரு மாநாடு. நல்ல வேலைதான், யார் இல்லேன்னா? ஆனா நாலரையைக் கொடுத்தது அது இல்ல.

கெடிலக்கரை:
இந்திய நரம்பியல் சங்கமே 1951ல மெட்ராஸ்ல பொறந்தது. ஜேக்கப் சாண்டி, ராமமூர்த்தி, நரசிம்மன், பல்தேவ் சிங்னு நாலு பேர். நம்ம மண்ணுல முளைச்சதையே இப்படி மட்டம் தட்டுறீங்களே.

வில்லியனூர்_வாசி:
அது மூளை ஆபரேஷன் பண்றவங்க சங்கமாச்சே?

கெடிலக்கரை:
கத்தி பிடிக்கிறவங்க, பிடிக்காதவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். படிச்சுட்டு வாங்க.

வில்லியனூர்_வாசி:
"படிச்சுட்டு வாங்க"வா? போன மாசம் எம்ஆர்ஐ திரியிலயும் இதே திமிர்தான்.

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
மெட்ராஸ் பெருமை அப்படியே இருக்கட்டும். நாலு பேர் கூடி நாலரையைக் கொடுத்தாங்களா? ஊசிக்கு முன்னாடி மூளையில ரத்தக் கசிவு இல்லன்னு பார்க்கிற சிடி ஸ்கேனே 1951ல கிடையாது சாமி.

முதுநகரான்:
2009ல யார் கையெழுத்துப் போட்டாங்க?

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
இதயம்!

கெடிலக்கரை:
இப்ப அதே மாதிரி கட்டி கரைக்கிற டெனெக்டெப்ளேஸ் வந்துடுச்சு, கிலோவுக்கு 0.25 மி.கி., ஒரே ஊசி, பம்ப்பே வேணாம். அதைப் பத்தியாவது பேசலாமா?

ரிஃப்ளெக்ஸ்_சுத்தி:
பேசலாம். முதல்ல நாலரைக்குப் பதில்.