பதினொன்றரை மணிக்கு மூன்று அறை: பெர்ஃபார்மன்ஸ் கான்ஃபரன்ஸில் எந்த செஷனுக்குப் போனீர்கள்?

லோடு டெஸ்டர், சோழிங்கநல்லூர்

அடுத்த மாதம் பெங்களூரில் இரண்டு நாள் பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியரிங் (சாஃப்ட்வேர் வேகமாக ஓடுமா, கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்கிற வேலை) கான்ஃபரன்ஸுக்கு ஆபீஸில் அனுப்புகிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் பேச்சு. போன தடவை நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், உங்கள் கதையையும் எழுதுங்கள்.

அப்போது தலைப்பை மட்டும் பார்த்து டிக் போட்டேன். ஏஐ என்று எங்கெல்லாம் இருந்ததோ அதெல்லாம் என் பட்டியலில். முதல் நாள் காலை பெரிய ஹாலில் போய் உட்கார்ந்தால், மூன்றாவது ஸ்லைடிலேயே அவர்கள் விற்கிற டாஷ்போர்டு வந்துவிட்டது. அப்புறம் நாற்பது நிமிடம் கலர் கலராகக் கோடுகள். கடைசியில் ஒரு க்யூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் டி-ஷர்ட். அதிலும் எக்ஸ்எல் சைஸ்தான் மிச்சம்.

என்னோடு வந்த டீம்மேட் மாடியில் இருந்த சின்ன அறைக்குப் போயிருந்தாள். முப்பது நாற்காலி, ப்ரொஜெக்டர் வேறு மக்கர். பேச்சு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ பற்றி. பெயரைக் கேட்டே நான் ஓடியிருப்பேன். மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி டிஷ்யூ பேப்பரில் எனக்கு வரைந்து காட்டினாள். செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டிய ஸ்கிரிப்ட். ஒரு நிமிட டெஸ்டில் சர்வர் 10 செகண்ட் உறைந்து நிற்கிறது. பதில் வந்தால்தான் அடுத்ததை அனுப்புவேன் என்கிற டூலாக இருந்தால், அந்த 10 செகண்டும் டூலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ரிப்போர்ட்டில் 5,000 ரிக்வெஸ்ட் ஜம்மென்று முடிந்திருக்கும், ஒன்றே ஒன்று 10 செகண்ட் எடுத்திருக்கும். 99-ஆவது பெர்சன்டைல், அதாவது நூற்றில் 99 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்ற எண், பளிச்சென்று தெரியும். நிஜ உலகத்தில் யாரும் காத்திருந்து வருவதில்லையே. அந்த நேரத்தில் 1,000 பேர் வாசலில் நின்றிருப்பார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்தால் 90-ஆவது பெர்சன்டைலே 4 செகண்டுக்குப் போய்விடும். கில் டெனே என்பவர் பல மேடைகளில் பேசிப் பரப்பிய விஷயமாம் இது. டபிள்யூஆர்கே2 என்ற டூலையே இதற்காக உருவாக்கியிருக்கிறார்.

மூன்று வாரம் முன்னால்தான் அதே மாதிரி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, “99 பெர்சன்டைல் ஓகே” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மெயின்ஃப்ரேம் தாத்தா

தம்பி, நீ டிஷ்யூ பேப்பரிலாவது பிடித்துவிட்டாய். நான் ஒரு பேங்கில் கெபாசிட்டி பிளானிங், அதாவது எவ்வளவு கம்ப்யூட்டர் தேவை என்று கணக்குப் போடும் வேலை பார்த்தவன். ஆன்சைட்டில் இருந்தபோது சிஎம்ஜி மாநாட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். கம்ப்யூட்டர் மெஷர்மென்ட் குரூப் என்பது அதன் முழுப் பெயர். மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர்கள் காலத்திலிருந்து கெபாசிட்டி ஆட்களுக்கு அதுதான் திருவிழா. முதல் தடவை உன்னை மாதிரிதான், அறை அறையாகச் சுற்றி நோட்டுப் புத்தகத்தை ரொப்பினேன். ஊருக்கு வந்தபின் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

இரண்டாவது தடவை போகும்போது கையில் ஒரே ஒரு கேள்வி. எங்கள் மேனேஜர், “சிபியு 80 சதவீதம்தானே ஓடுகிறது, இன்னும் 20 சும்மா கிடக்கிறதே, எதற்கய்யா புதுப் பெட்டி?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் கிடைக்கும் என்று தோன்றிய அறைக்கு மட்டும் போனேன். தலைப்பு அவ்வளவு வறட்சி, இப்போது நினைவில்கூட இல்லை. பேசியவர் வரிசைக் கணக்கை போர்டில் எழுதினார். ஒற்றைக் கவுண்டர், ஆட்கள் இஷ்டத்துக்கு வந்து நிற்கிறார்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை, ஒன்றிலிருந்து பயன்பாட்டைக் கழித்து வருவதால் வகுத்தால் காத்திருப்பையும் சேர்த்த மொத்த நேரம் வரும். 50 சதவீதத்தில் 2 மடங்கு, 80-இல் 5 மடங்கு, 90-இல் 10 மடங்கு. மேனேஜர் சும்மா கிடக்கிறது என்ற அந்த 20-இல் பாதியைத் தின்றாலே மொத்த நேரம் இரட்டிப்பு. நிஜப் பெட்டியில் பல சிபியு இருப்பதால் வளைவு கொஞ்சம் தாமதமாக ஏறும், ஆனால் ஏறும். திரும்பி வந்து அந்த வளைவை ஒரே தாளில் வரைந்து அவர் மேஜையில் வைத்தேன். பெட்டி வந்தது.

ஒரு விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். விற்கிறவர்கள் பேச்சு எல்லாமே குப்பை என்று இல்லை. அவர்கள் இன்ஜினியர் மேடையேறினால் போ. மார்க்கெட்டிங் ஆள் என்றால் டீ குடிக்கப் போ.

ஐந்தோவன் ஆள்

ஆம்ஸ்டர்டாமில் 2018-லிருந்து பெர்ஃபார்மன்ஸ் நவ் என்று வெப் பெர்ஃபார்மன்ஸுக்கான மாநாடு நடக்கிறது. இரண்டு நாள், ஒரே டிராக், ஒரே அறை. தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நான் சர்வர் பக்கம் வேலை பார்க்கிற பேக்கெண்ட் ஆள், படங்களைச் சுருக்குவது பற்றிய பேச்சுக்கெல்லாம் விருப்பப்பட்டுப் போயிருக்கவே மாட்டேன். உட்கார வேறு இடம் இல்லாததால் கேட்டேன். எங்கள் முகப்புப் பக்கத்தில் கீழே ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் படங்களை எல்லாம் எடுத்தவுடனேயே இறக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

கோவை, வீட்டிலிருந்து

எனக்கு இரண்டு வயதுப் பையன். பெங்களூர், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் இப்போதைக்குக் கனவு. 2021-லிருந்து பி99 கான்ஃப் என்று ஆன்லைனில் இலவசமாக நடத்துகிறார்கள், அதுதான் எனக்கு. நம்ம ஊரில் இரவாக இருக்கும். பையன் தூங்கினால் மாநாடு, எழுந்துவிட்டால் இடைவேளை.

ரெக்கார்டிங் எப்படியும் கிடைக்கும் என்பதால் நான் தேர்ந்தெடுக்கிற விதமே வேறு. எதைக் கேட்பது என்று பார்ப்பதில்லை, யாரிடம் கேட்பது என்று பார்ப்பேன். வீடியோ ஓடும்போதே பேசியவர் சாட்டில் உட்கார்ந்திருப்பார். ஹாலில் மைக் கேட்டுக் கை தூக்கக் கூச்சப்படுகிற ஆள் நான், சாட்டில் மூன்று கேள்வி தட்டிவிடுவேன். மற்ற செஷன்களை ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கும்போது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் போதும்.

மாநாட்டின் பெயரிலேயே ஏன் 99 என்று வீட்டுக்காரர் கேட்டார். 99-ஆவது பெர்சன்டைலைத்தான் சுருக்கமாக பி99 என்பார்கள் என்று சொல்லி, கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் உள்ள கணக்கைச் சொன்னேன். ஒரு சர்வர் நூற்றில் ஒரு தடவைதான் சோம்பேறித்தனம் செய்கிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட 100 சர்வர்களைக் கேட்க வேண்டியிருந்தால், நூற்றுக்கு 63 பேருக்குப் பக்கம் மெதுவாகத்தான் வரும். “அப்போ சோம்பேறி ஒருத்தன்தான் வீட்டையே நடத்துறான்” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நைட் ஷிஃப்ட்

நான் அப்ஸ்ட்ராக்டில், அதாவது பேச்சின் முன்கூட்டிய சுருக்கத்தில், ஒரே ஒரு விஷயம்தான் தேடுவேன்: எது உடைந்தது என்று எழுதியிருக்கிறார்களா? “சிறந்த வழிமுறைகள்” என்று இருந்தால் தாண்டிவிடுவேன். “எங்கள் பேமென்ட் சர்வீஸ் ஆறு வாரம் மெதுவாக ஓடியது, காரணம் நாங்கள் நினைத்தது இல்லை” என்று இருந்தால் முன்வரிசை.

அப்படிப் போன ஒரு செஷனில்தான் குபர்னெட்டிஸ் (ஆப்கள் ஓடும் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) த்ராட்டிலிங், அதாவது சிபியு ரேஷன் தீர்ந்ததும் நிறுத்திவைப்பது, புரிந்தது. எங்கள் கன்டெய்னருக்கு லிமிட் 1 சிபியு, உள்ளே ஒரே நேரத்தில் ஓடும் 4 த்ரெட். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் 100 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, 100 மில்லி செகண்ட் சிபியு நேரம் என்று ரேஷன் போடுகிறது. நான்கும் ஒன்றாகப் பாய்ந்தால் 25 மில்லி செகண்டில் மொத்த ரேஷனும் காலி, மிச்சம் 75-க்கும் சும்மா நிற்க வேண்டியதுதான். நிமிடச் சராசரி போட்டுக் காட்டும் டாஷ்போர்டில் சிபியு 40 சதவீதம் என்று சாதுவாக இருக்கும். பேசிய பெண் தங்கள் டீம் தப்பான இடத்தில் தேடிய நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் தேடிய தப்பான இடங்களில் இரண்டில் நாங்களும் அப்போது தேடிக்கொண்டிருந்தோம். செஷன் முடிவதற்குள் டீமுக்கு மெசேஜ் போட்டேன், த்ராட்டில் ஆன எண்ணிக்கையைப் பாருங்கள் என்று. பார்த்தார்கள், எகிறிக் கிடந்தது.

லோடு டெஸ்டர், சோழிங்கநல்லூர்

தாத்தா, உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு கேள்வியை எழுதிவிட்டேன்: எங்கள் ஆப் மாதக் கடைசியில் மட்டும் ஏன் திணறுகிறது? அதை வைத்துப் பார்த்ததும் பட்டியல் பதினான்கிலிருந்து ஐந்தாகச் சுருங்கிவிட்டது. ஏஐ ஒன்று மட்டும் தப்பித்தது, பேசுபவர் இன்ஜினியர்.

ஆனால் முதல் நாள் பதினொன்றரைக்கு ஜாவா ஜிசி பாஸ் (மெமரியைச் சுத்தம் செய்ய ஆப் சற்று நிற்பது) பற்றி ஒன்று, ரிக்வெஸ்டுகள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் பற்றி ஒன்று, இரண்டிலும் என்ன உடைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை டீம்மேட் வரவில்லை, தனியாகப் போகிறேன்.

நைட் ஷிஃப்ட்

மாதக் கடைசியில் மட்டும் என்றால் பூல். ஜிசி தினமும்தான் ஓடுகிறது.

மெயின்ஃப்ரேம் தாத்தா

அவசரப்படாதே. மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட் ஓடுகிறதா என்று முதலில் கேள். மெமரியைத் தின்றால் ஜிசியும் ஆடும். ஊரிலிருந்து கிளம்பும் முன்னால் லாக் பார்த்துவிட்டுப் போ தம்பி.

லோடு டெஸ்டர், சோழிங்கநல்லூர்

பார்த்தேன். ரிப்போர்ட் ஓடுகிறது, கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் விடுவதில்லை. பூல் செஷன் மாடி அறையில்.