டிங் கேட்டு டாங் கேட்காதபோது: வாசல் மணி அனுபவங்கள்

எங்கள் வாசல் மணி ‘டிங்’ என்ற முதல் ஒலியோடு நின்றுவிடத் தொடங்கியபோது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்பதே வீட்டாரின் தீர்ப்பாக இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், கெட்டுப்போவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு செப்புக்கம்பிச் சுருள், அதன் நடுவே நகரும் இரும்புத் தண்டு, ஒரு ஸ்பிரிங், இருபுறமும் இரண்டு உலோகப் பட்டைகள்; அவ்வளவே. பொத்தானை அழுத்தும்போது சுருள் காந்தமாகித் தண்டை இழுக்க, அது ஒரு பட்டையில் மோதுகிறது. விரலை எடுத்ததும் காந்தம் மறைய, ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளி மறுபட்டையில் மோதச் செய்கிறது. ஆகவே ‘டாங்’ எழும் நேரத்தில் அங்கே மின்சாரமே கிடையாது. அந்த ஒலி மட்டும் வரவில்லையென்றால் ஒயரிங்கைச் சந்தேகிப்பது வீண் வேலை. யாரோ எப்போதோ விட்டிருந்த எண்ணெயில் தூசி படிந்து, பசையாகித் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. இந்தத் தண்டுக்கு எண்ணெய் விடவே கூடாது என்பது என் கருத்து. உங்கள் வீட்டு மணிகள் தந்த தொல்லைகளையும் எழுதுங்கள்.

*

எங்களுடையது ‘கிர்ர்ர்’ என்று அலறும் பழைய வகை. அதில் மின்காந்தம் சுத்தியலை இழுக்கும்போதே மின்சுற்று துண்டிக்கப்படுகிறது. காந்தம் இழந்ததும் சுத்தியல் பின்வாங்கி மீண்டும் சுற்றை இணைக்கிறது. விரல் பொத்தானில் இருக்கும்வரை இது வேகமாகத் தொடர்வதால்தான் இடைவிடாத ஒலி பிறக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1831இல் ஏறத்தாழ ஒரு மைல் நீளக் கம்பியின் மறுமுனையில் மின்காந்தத்தால் மணியை அடிக்கச் செய்தாரே, அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஒவ்வொரு துண்டிப்பிலும் சிறு தீப்பொறி எழுவதால் தொடுமுனைகள் கறுத்துப்போகின்றன. ஒலி விட்டுவிட்டுக் கேட்டபோது, மின்சாரத்தைத் துண்டித்து, மெல்லிய உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்தேன். முழு அலறலும் திரும்பிவிட்டது. மதிய உறக்கத்தில் இருந்தவர்கள் அதற்காக என்னைப் பாராட்டவில்லை.

*

ஒயர் இல்லாத மணியில் எனக்கு நேர்ந்தது வேறு வகை. வாசலில் யாரும் இல்லாமலே மணி ஒலிக்கும். இவ்வகை மணிகள் பலவும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. பொத்தான் ஒரு குறியீட்டை அனுப்ப, அதை அடையாளம் கண்டுகொள்ளும் ரிசீவர் ஒலி எழுப்புகிறது. அண்டை வீட்டுப் பொத்தானும் எங்களுடையதும் ஒரே குறியீட்டை அனுப்பிவந்தன என்பது, இருவரும் சேர்ந்து அழுத்திப் பார்த்தபோது தெளிவானது. குறியீட்டை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. இப்போது பேட்டரியே தேவைப்படாத பொத்தான்களும் வந்துவிட்டன: அழுத்தும் விசையால் உள்ளே ஒரு காந்தம் அசைந்து, சுருளில் ஒரு கணத்துக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது, குறியீட்டை அனுப்ப அதுவே போதும். விரலை மெல்ல வைத்தால் மட்டும் பயனில்லை, ‘டக்’கென்று அழுத்த வேண்டும்.

*

முதலில் எழுதியவருக்கு ஒரு சொல். பொத்தானில் சிறு விளக்கு எரியும் மணியாக இருந்தால், மூடியைக் கழற்றாமலே பாதி நோயறிந்துவிடலாம். அந்த விளக்கு சுவிட்சுக்கு இணையாகப் பொருத்தப்பட்டது. அதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் மணியின் சுருளையும் கடந்தே திரும்புகிறது, ஆனால் தண்டை இழுக்கும் வலு அதற்கு இல்லை. எனவே விளக்கு எரிகிறதென்றால் ஒயரும், மணிக்காக மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரும், சுருளும் அறுந்துபோகவில்லை என்று பொருள். அழுத்தும்போது விளக்கு அணைந்தும் ஒலி வராவிட்டால், பெரும்பாலும் தண்டு சிக்கியிருக்கும். அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தால் பொத்தானின் தொடுமுனைதான் பழுது.

கேமரா வைத்த மணியைப் பழைய ஒயரில் இணைத்தபோது எங்கள் மணிப்பெட்டி ஓயாமல் முனகியதற்கும் இதுவே காரணம். கேமராவுக்குத் தேவையான மின்னோட்டம் விளக்குக்குத் தேவையானதைவிட மிக அதிகம். அது முழுவதும் சுருள் வழியே சென்றதால் தண்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. தயாரிப்பாளர் தந்திருந்த சிறு துணைக்கருவியை மணிப்பெட்டியின் முனைகளுக்கு இடையே பொருத்தியதும், மின்னோட்டத்துக்குப் பக்கவழி கிடைத்து முனகல் நின்றது.