டிராயிங் ரெவிஷனைக் கட்டுப்படுத்த ஷேர்டு ஃபோல்டர் போதுமா, பிடிஎம் வேண்டுமா?

வெர்னியர்:
ஐம்பது, நூறு பேர் வேலை பார்க்கிற சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) யூனிட், வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் சப்ளை என்று வைத்துக்கொள்வோம். டிராயிங், புராசஸ் ஷீட், கண்ட்ரோல் பிளான் (எந்த அளவை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்), மெஷின் புரோகிராம் எல்லாம் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் கிடக்கும். ஆடிட் நெருங்கினால் பிடிஎம் (டிராயிங்கையும் அதன் ரெவிஷன்களையும் நிர்வகிக்கும்) சாஃப்ட்வேர் விற்க டீலர்கள் வந்துவிடுவார்கள். தேவையில்லை என்பது என் கட்சி. தர நிர்வாகத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-இல் பிரிவு 7.5 ஆவணங்களைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லவில்லை.

பார்ட் நம்பருக்கு ஒரு ஃபோல்டர். அதில் ‘நடப்பு’ என்ற இடத்தில் ஒரே ஒரு பிடிஎஃப். பழைய ரெவ் (ரெவிஷன்) எல்லாம் ‘பழசு’ ஃபோல்டருக்குப் போகணும், அதைத் திறக்கும் அனுமதி இன்ஜினியரிங்குக்கு மட்டும். மற்ற எல்லோரும் ‘நடப்பு’ ஃபோல்டரைப் படிக்கலாம், எழுத முடியாது. கூடவே எக்செல்லில் ஒரு மாஸ்டர் லிஸ்ட். முடிந்தது.

சர்வர்ரூம்:
முடியவில்லை. அந்த எக்செல்லை ஒருவர் திறந்து வைத்தால், அவர் மூடும் வரை அடுத்தவருக்குப் படிக்க மட்டும்தான். அவசரக்காரர் டெஸ்க்டாப்பில் காப்பி போட்டுத் திருத்துவார். மறுநாள் இரண்டு மாஸ்டர் லிஸ்ட். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும் இல்லை.

வண்டித் துறைக்கான தரநிலை ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் வைத்திருந்தால், கஸ்டமரின் டிராயிங் மாற்ற அறிவிப்பு வந்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் ரிவ்யூவை முடிக்கச் சொல்கிறது. வந்த தேதிக்கு ஆதாரம் யாருடைய இன்பாக்ஸில் இருக்கிறது? அவர் வேலையை விட்டுப் போனால்?

இன்னொன்று: ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பழைய காப்பி, பேக்கப் டூல்கள் பல தடுமாறும். லாகில் எர்ரர் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். ரீஸ்டோர் பண்ணும் நாளில்தான் ஃபைல் இல்லாதது தெரியும். சாலிட்ஒர்க்ஸ் புரொஃபெஷனல் வைத்திருப்பவர்களுக்குப் பிடிஎம் ஸ்டாண்டர்ட் அதோடேயே வருகிறது. அதைக்கூட இன்ஸ்டால் பண்ணாமல் எக்செல்லோடு மல்லுக்கட்டுவது எதற்கு?

வெர்னியர்:
தேதிக்கு ஒரு பொது மெயில் ஐடி போதும். இன்பாக்ஸ் ஆளுடையதாக இல்லாமல் துறையுடையதாக இருக்கட்டும். லிஸ்ட்டில் எழுதும் அனுமதி இரண்டே பேருக்கு. உங்கள் பிடிஎம் டிசைனரின் சிஸ்டத்தில் சுகமாக ஓடும், சரி. ஷாப்பில் மெஷின் பக்கத்தில் நின்று அதை வேலைக்குத் தயார் செய்கிற செட்டருக்கு வியூவர் லைசென்ஸ் யார் தருவது? கடைசியில் அவர் கைக்குப் போவது பேப்பர்தானே.

கேஜ்பாக்ஸ்:
இரண்டு பேரும் டிராயிங்கையே சுற்றி வருகிறீர்கள். ஒரு உதாரணம். 25 மிமீ போர் (துளை), ரெவ் பி-யில் அளவு வரம்பு எச்7. ரெவ் சி-யில் அதைவிட இறுக்கமான எச்6 ஆக்கிவிட்டார்கள். மேல் எல்லை 25.021-லிருந்து 25.013-க்கு இறங்குகிறது. ஃபோல்டரில் பிடிஎஃப் மாறிவிட்டது, பழைய பிரிண்ட்டைக் கிழித்தாயிற்று, எல்லாம் சுத்தம். லைனில் எச்7 பிளக் கேஜ் (துளைக்குள் விட்டு அளவைச் சோதிக்கும் கருவி; கோ முனை உள்ளே போகணும், நோ-கோ முனை போகக் கூடாது) அப்படியே தொங்குகிறது. 25.018-இல் வந்த போரில் கோ உள்ளே போகும், நோ-கோ போகாது. ஆபரேட்டர் ஓகே போட்டு அனுப்புவார். அவர் மேல் தப்பே இல்லை.

அந்த ஒரு அளவு கண்ட்ரோல் பிளான், புராசஸ் ஷீட், இன்ஸ்பெக்‌ஷன் ஃபார்மட், கேஜ் லிஸ்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஈசிஎன் (டிராயிங் மாற்ற அறிவிப்பு) படிவத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி கையெழுத்து இருக்கணும். கூடவே, கையில் இருக்கிற ஸ்டாக்கும் லைனில் ஓடுகிற பீஸும் என்ன ஆகும், எந்த லாட்டிலிருந்து புது ரெவ் என்பதும் எழுதியாகணும். பலர் காலியாக விடுவது இதைத்தான்.

சர்வர்ரூம்:
அதற்குத்தான் பிடிஎம். ‘எங்கெல்லாம் பயன்படுகிறது’ என்று கேட்டால் தொடர்புள்ள ஆவணம் எல்லாம் வரும்.

கேஜ்பாக்ஸ்:
லிங்க் போட்டு வைத்திருந்தால் வரும். கேஜ் லிஸ்ட் காலிபரேஷன்காரரின் தனி எக்செல்லில் இருக்கும்போது எதை லிங்க் பண்ணுவீர்கள்?

நைட்ஷிஃப்ட்:
புரோகிராமை எல்லோரும் மறந்தாச்சு. பழைய ஃபானுக் கண்ட்ரோலர் உள்ள மெஷினில் புரோகிராம் பெயர் ஓ-வுக்குப் பின்னால் நாலு இலக்கம்தான். ஓ1001 என்று இந்த மெஷினில் ஒரு பார்ட், அந்த மெஷினில் வேறு பார்ட். இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு இழுத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் பார்ட் நம்பரும் ரெவ்வும் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, சேட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) வருகிறது என்று செட்டர் மெஷினிலேயே ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) குறைப்பார். நல்ல திருத்தம், ஆனால் சர்வருக்குத் திரும்பி வராது. அடுத்த லாட்டுக்கு மறுபடி பழசு ஏறும், மறுபடி சேட்டர். எடிட் சாவியை ஆபீசில் பூட்டி வைப்பது தீர்வில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை எழுப்புவது? லாட் முடிந்ததும் புரோகிராமை ‘வந்தவை’ என்ற தனி ஃபோல்டருக்கு எடுக்கணும். மாஸ்டரோடு கம்பேர் பண்ணி, புரொடக்‌ஷன் இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் மாஸ்டராக்கணும், பிறகு மெஷின் மெமரியிலிருந்து அழிக்கணும். ஆஃப்செட்டை (டூல் நிலையைச் சரிக்கட்டும் அளவுகளை) இதில் சேர்க்காதீர்கள், அது செட்டர் கையில்தான் இருக்கணும்.

வெர்னியர்:
இதற்கெல்லாம் ஃபோல்டரே போதும் என்பதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். பேப்பருக்கும் அதே வழி: ஜாப் கார்டு நம்பர் போட்டு பிரிண்ட், கார்டு மூடும்போது டிராயிங்கும் திரும்பி வந்தால்தான் டிஸ்பாட்ச்.

சர்வர்ரூம்:
உள்ளே சரி. வெளியே? பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப் ஒர்க்குக்கு பர்ச்சேஸ் துறை டிராயிங்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறது. படம் சுருங்கி 0.02-ஆ 0.05-ஆ என்று தெரியாது. பழைய ரெவ் அந்த ஃபோனில் நிரந்தரமாகக் கிடக்கும். கஸ்டமரோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அதுவே தனி வம்பு.

வெர்னியர்:
பிஓ-வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) ரெவ் போடுங்கள். சப்ளையரின் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அதே ரெவ் இல்லாவிட்டால் ஸ்டோர்ஸ் ஜிஆர்என் (சரக்கு வந்த ரசீது) போடக் கூடாது.

சர்வர்ரூம்:
போடலாம், பார்ட் மாஸ்டரில் ரெவ்வுக்குத் தனி கட்டம் இருந்தால். பல இடத்தில் டிஸ்கிரிப்ஷனில் ‘ரெவ் பி படி’ என்று கையால் அடித்திருப்பார்கள். ரிப்பீட் பிஓ போட்டதும் அந்த வரி அப்படியே காப்பி ஆகும்; ஸ்டோர்ஸ் பிஓ-வையும் ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டால் இரண்டிலும் ரெவ் பி, சரியாகப் பொருந்தும்.